நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டிக்குப் பலம் கூடுமா?

மாணவர்களே, ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினால் நாம் முதலில் காணும் சிற்றூர் கம்போங் ராஜா. அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் ஏறி இறங்கும். அவற்றுள் மிகப் பழைய வண்டிகளை எட்டிப் பார்த்தால், வழக்கமான கியர்க் கம்பியோடு இன்னும் இரண்டு கம்பிகள் தெரியும். ஒன்றின் தலையில் மஞ்சள் குமிழ், மற்றொன்றின் தலையில் சிவப்புக் குமிழ். மஞ்சள் குமிழைக் கீழே அழுத்தினால் பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் வண்டியை இழுக்கத் தொடங்கும். சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்தால் வண்டி மெதுவாகும். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் விசை பெருகும்.

இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளில் இந்தக் கம்பிகளின் வேலையை ஒரு சிறிய திருகு செய்கிறது. அதில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் எழுத்து முன்னாலும் எண் பின்னாலும் வரும். பொருள் ஒன்றுதான்.

“ஃபோர்வீல் போட்டால் வண்டிக்குப் பலம் கூடும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது அறிவியல்படி சரியா? 17 வயதானால் நீங்களும் கார் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். உங்களில் சிலர் தோட்டத்து வண்டியையே ஓட்டப் போகிறீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது தேர்வுக்கும் உதவும், உயிரையும் காக்கும்.

வண்டியை நகர்த்துவது எது?

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டியை முன்னே கொண்டு செல்வது தரை கொடுக்கும் இந்த விசைதான். பள்ளியில் ‘டாயா கெசெரான்’ என்று படித்தீர்களே, அதே உராய்வு விசைதான் இது.

உராய்வு விசைக்கு ஓர் உச்ச அளவு உண்டு.

உராய்வின் உச்ச அளவு = உராய்வுக் கெழு × தரையை அழுத்தும் விசை

எஞ்சின் இதற்கு மேல் திருப்பினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். சேறு தெறிக்கும், வண்டி நகராது. அங்கே எஞ்சினுக்குப் பலம் இல்லாமல் போகவில்லை. சக்கரத்துக்குப் பிடிமானம் போதவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

செம்மண் ஏற்றத்தில் ஒரு கணக்கு

சுமை ஏற்றாத பிக்கப் ஒன்றின் நிறை 2000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் அதன் எடை 20,000 நியூட்டன். எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் 60 விழுக்காடு முன்சக்கரங்களிலும், 40 விழுக்காடு, அதாவது 8000 நியூட்டன், பின்சக்கரங்களிலும் இறங்குகிறது என்று கொள்வோம். மழையில் நனைந்த செம்மண் பாதையின் உராய்வுக் கெழு 0.3 என்போம்.

பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் கிடைக்கும் உச்ச விசை: 0.3 × 8000 = 2400 நியூட்டன்.

நான்கு சக்கரங்களும் இழுத்தால்: 0.3 × 20,000 = 6000 நியூட்டன்.

இப்போது பாதை 10 பாகை சரிவில் ஏறுகிறது. வண்டியைக் கீழே இழுக்கும் விசை, எடையைச் சைன் 10 பாகையால் பெருக்கினால் வரும். 20,000 × 0.17 = 3400 நியூட்டன். இரு சக்கர இயக்கத்தில் 2400 நியூட்டன்தான் கிடைக்கும். ஆகவே வண்டி ஏறாது. பின்சக்கரம் குழி தோண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் 6000 நியூட்டன் வரை கிடைக்கும். ஆகவே ஏறிவிடும்.

எஞ்சின் மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை. வண்டியின் முழு எடையும் பிடிமானமாக மாறியது. அவ்வளவே. உலர்ந்த தார்ச் சாலையின் உராய்வுக் கெழுவை 0.7 என்று எடுத்துக்கொண்டால், பின்சக்கரங்களுக்கு மட்டுமே 5600 நியூட்டன் கிடைக்கும். அதே 10 பாகை ஏற்றத்துக்கு அதுவே போதும். எனவே தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கம் தேவைப்படுவதில்லை.

தேவையில்லை என்றால் சரி. போட்டே வைத்தால் என்ன?

இதற்கு விடை காண உங்கள் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனங்கள் வராத திடலில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டி, அதில் இரு சக்கரங்களையும் நனைத்து, மெதுவாக வளைத்து ஓட்டுங்கள். இறங்கி வந்து ஈரத் தடங்களைப் பாருங்கள். இரண்டு கோடுகள் இருக்கும். முன்சக்கரத்தின் கோடு வளைவின் வெளிப்பக்கமாகவும், பின்சக்கரத்தின் கோடு உட்பக்கமாகவும் போயிருக்கும். வெளிக்கோடு நீளமானது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள்கிறது.

பிக்கப் வண்டிக்கும் இதே நிலைதான். முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறது. பைத்தகரஸ் தேற்றப்படி முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வளைவின் ஆரம், 100 + 9.61 என்பதன் வர்க்கமூலம். அது 10.47 மீட்டர். ஒரு சந்தியில் 90 பாகை திரும்பினால் பின் அச்சு 15.71 மீட்டரும் முன் அச்சு 16.45 மீட்டரும் போயிருக்கும். வேறுபாடு ஏறக்குறைய 74 சென்டிமீட்டர்.

டயரின் சுற்றளவு 2.4 மீட்டர் என்றால் இது 0.3 சுற்று. அச்சின் கியர் விகிதம் 4 என்றால், முன் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு பின் அச்சுக்குச் செல்லும் தண்டைவிட 1.2 சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். ஒரே ஒரு சந்தியில் இவ்வளவு!

இரு சக்கர இயக்கத்தில் முன்தண்டு எஞ்சினோடு இணைக்கப்படாததால் அது தன் விருப்பப்படி சுற்றிக்கொள்ளும். நான்கு சக்கர இயக்கத்திலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் துணைக் கியர்ப்பெட்டி இரண்டு தண்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அந்த 1.2 சுற்று எங்கே போகும்?

சேற்றில் கவலையில்லை. டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைக் கழித்துவிடும். தார்ச் சாலையிலோ டயர் எளிதில் வழுக்காது. ஆகவே தண்டுகள் முறுக்கிக்கொள்கின்றன. ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பிடித்தபடி ஓட்டுவதுபோல் வண்டி இழுக்கும். டயர் கிரீச்சிட்டுத் தேயும். முறுக்கு மிகுந்தால் கியர்ப் பற்கள் சேதமடையும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமலும் போகலாம். தோட்டத்து மண் பாதையை விட்டுத் தார்ச் சாலையில் ஏறியதும் 2எச் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் ஒரே அச்சில் உள்ள இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வளைவில் எப்படிச் சமாளிக்கின்றன? அவற்றுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்லிணை அமைப்பு இருக்கிறது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் வண்டிகளுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும். சில வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். அத்தகைய வண்டிகள் தார்ச் சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தில் ஓடலாம். உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாற்றும் நேரம் எது?

லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அறிமுகமானபோது அதன் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயக்கத்தில் இருந்தன. 1950இல் ஓட்டுநரே தேர்ந்தெடுக்கும் முறைக்கு அதை மாற்றினார்கள். தேர்வு ஓட்டுநர் கைக்கு வந்தால் எப்போது, எப்படி மாற்றுவது என்ற அறிவும் அவருக்கு வேண்டும் அல்லவா?

2எச் நிலையிலிருந்து 4எச் நிலைக்கு மாற்றும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பாகங்களின் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் பற்கள் முட்டாமல் நுழையும். இதிலிருந்து நான்கு விதிகளை நாமே வருவிக்கலாம்.

முதலாவது, வண்டி நேராகப் போகும்போது மாற்ற வேண்டும். வளைவில் முன், பின் தண்டுகளின் வேகம் வேறுபடும் என்பதை இப்போதுதான் கணக்கிட்டோம்.

இரண்டாவது, சக்கரம் வழுக்கிச் சுழலும்போது மாற்றக் கூடாது. அப்போது பின்தண்டு வேகமாகச் சுற்றும், முன்தண்டு நின்றுகொண்டிருக்கும். பற்கள் மோதி உடையும். எனவே சேற்றில் இறங்கிச் சிக்கிய பின் அல்ல, இறங்கும் முன்பே மாற்றுங்கள்.

மூன்றாவது, மாற்றும் நொடியில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். பற்கள் ஒன்றையொன்று அழுத்தினால் அங்கேயும் உராய்வு பிறக்கும். அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும். பற்கள் எளிதில் நுழையும், எளிதில் விலகும்.

நான்காவது, கையேட்டில் குறித்த வேகத்துக்கு உட்பட்டே மாற்ற வேண்டும். இந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும்.

தார்ச் சாலைக்கு வந்து 2எச் போட்டும் விளக்கு அணையவில்லை, கம்பி நகரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தண்டுகள் முறுக்கியிருப்பதால் பற்கள் இறுகியிருக்கும். வலுக்கட்டாயமாக இழுக்காமல், பாதுகாப்பான இடத்தில் சில மீட்டர் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும்.

பழைய லேண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை வெறுமனே மேலே இழுத்து விடுவிக்க முடியாது. வண்டியை நிறுத்தி, சிவப்புக் கம்பியை ஒருமுறை பின்னால் இழுத்து மீண்டும் முன்னே தள்ள வேண்டும். உடனே மஞ்சள் குமிழ் சுருள்வில்லின் விசையால் தானாக மேலே எழும். சில பழைய வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பூட்டையும் கையால் திருக வேண்டும். அதற்குக் கீழே இறங்கியாக வேண்டும். சேற்றுக்குள் போன பிறகு இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்!

4எல் என்ன செய்கிறது?

சக்கரத்தில் உண்மையிலேயே விசையைப் பெருக்குவது இந்த நிலைதான். பல வண்டிகளில் இதன் கியர் விகிதம் ஏறக்குறைய 2.5. அதாவது எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது சக்கரத்தின் வேகம் 2.5 மடங்கு குறையும், முறுக்குவிசை 2.5 மடங்கு கூடும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும். ஆற்றல் அழியாமை விதியை எந்தக் கம்பியாலும் ஏமாற்ற முடியாது.

4எச், 4எல் நிலைகளுக்கு இடையே பற்களின் வேகம் 2.5 மடங்கு வேறுபடுவதால் ஓட்டத்தில் மாற்ற முடியாது. வண்டியை முழுமையாக நிறுத்தி, கிளட்சை மிதித்து மாற்ற வேண்டும். தானியங்கிக் கியர் வண்டியானால் கியரை நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். மிகச் செங்குத்தான ஏற்றம், ஆழமான சேறு, செங்குத்தான இறக்கம் ஆகியவற்றுக்கே 4எல் பொருந்தும்.

நான்கு சக்கர இயக்கம் தராத ஒன்று

மாணவர்களே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஏறும்போது நான்கு சக்கர இயக்கம் பிடிமானத்தை 2400 நியூட்டனிலிருந்து 6000 நியூட்டனுக்கு உயர்த்தியது. பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு உயர்த்தும்? கொஞ்சமும் உயர்த்தாது. ஏனென்றால் பிரேக் எப்போதும் நான்கு சக்கரங்களிலும்தான் வேலை செய்கிறது. 2எச் நிலையிலும் உச்ச விசை 6000 நியூட்டன், 4எச் நிலையிலும் அதே 6000 நியூட்டன்.

வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 11.1 மீட்டர் வேகத்தில் போகிறது. சமதளச் செம்மண்ணில் வேகம் குறையும் வீதம் 6000 ÷ 2000 = 3 மீட்டர்/வினாடி². நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை வீதத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 123 ÷ 6 = 20.5 மீட்டர்.

அதே பாதை 10 பாகை இறக்கமானால், புவியீர்ப்பு 3400 நியூட்டனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது 2600 நியூட்டன். வீதம் 1.3. நிற்கும் தூரம் 123 ÷ 2.6 = 47 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுவரும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

இங்கே ஒரு மறைமுக ஆபத்து இருக்கிறது. இரு சக்கர இயக்கத்தில் தரை வழுக்கினால் பின்சக்கரம் சுழன்று, வண்டியின் வால் அசைந்து, “இங்கே பிடிமானம் குறைவு” என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். அவரும் வேகத்தைக் குறைப்பார். நான்கு சக்கர இயக்கத்தில் வண்டி சிரமமின்றி ஏறுவதால் அந்த எச்சரிக்கை கேட்பதில்லை. தரை நல்ல தரைதான் என்று ஓட்டுநர் நம்பிவிடுகிறார். மேட்டைத் தாண்டி இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும். அப்போது 47 மீட்டர் இடம் முன்னால் இருக்குமா?

ஆகவே செங்குத்தான இறக்கத்துக்கு முன் நின்று, 4எல் போட்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குவதே முறை. எஞ்சினின் தடுக்கும் விசை அப்போது நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படும். வண்டி வேகமெடுக்காமல் இறங்கும். உராய்வின் உச்ச அளவு கூடுவதில்லை. அந்த எல்லைக்குப் போகாமல் நாம் வேகத்தை அடக்கிக்கொள்கிறோம்.

முயன்று பாருங்கள்

1. மேலே சொன்ன பிக்கப்பில் 1000 கிலோகிராம் செம்பனைக் குலை ஏற்றப்பட்டது. சுமை முழுவதும் பின்சக்கரங்களின் மேல் இறங்குவதாகக் கொள்க. அதே ஈரச் செம்மண்ணில், 10 பாகை ஏற்றத்தில், 2எச் நிலையில் வண்டி ஏறுமா?

2. 10 பாகை இறக்கத்தில் வேகம் மணிக்கு 20 கி.மீ. ஆக இருந்தால் நிற்கும் தூரம் எவ்வளவு?

3. நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நகராமல் போகலாம். ஏன்?

விடைகள்

1. பின்சக்கரங்களின் மேல் இறங்கும் எடை 8000 + 10,000 = 18,000 நியூட்டன். பிடிமானம் 5400 நியூட்டன். கீழே இழுக்கும் விசை 30,000 × 0.17 = 5100 நியூட்டன். மயிரிழையில் ஏறும். வெறும் வண்டி ஏறாத இடத்தில் சுமை வண்டி ஏறுவதன் காரணம் இதுவே. ஆனால் பாதை இன்னும் சற்று ஈரமானாலும் ஏறாது.

2. ஏறக்குறைய 12 மீட்டர். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்பங்காகிறது.

3. டிஃபரன்ஷியல் தன் இரு சக்கரங்களுக்கும் சம முறுக்குவிசையையே தரும். தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சிறிய அளவுதான் கிடைக்கும். இதைத் தவிர்க்கவே சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் பூட்டு வைக்கிறார்கள்.

இந்தக் கணக்குகளில் உராய்வுக் கெழுவை 0.2 என்று மாற்றி மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 10 பாகை இறக்கத்தில் பிரேக்குக்கு மிஞ்சும் விசை எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். வந்த விடையை, வண்டி ஓட்டும் உங்கள் அண்ணனிடமோ மாமாவிடமோ காட்டுங்கள்.